பிக்கா, ஆளா? டைனஸ்டி லீக் கேள்வி பதில்

ஏப்ரல் கடைசியில் அமெரிக்கக் காற்பந்து லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்தால் போதும், கடிதங்கள் குவிந்துவிடும். இதைக் கொடுத்து அதை வாங்கலாமா, அவர் கேட்பது நியாயமா, நான் ஏமாந்துவிட்டேனா என்று ஒரே கவலை பல உருவத்தில் வரும். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று எழுதியவர்களே கேட்டுக்கொண்டார்கள். பேரம் நடக்கும்போது எதிராளி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டால் காரியம் கெட்டுவிடும் அல்லவா? அதனால் பேட்டையை மட்டும் போட்டிருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஹியூஸ்டனில் வேலை பார்த்த காலத்தில் அமெரிக்கக் காற்பந்து என்னைப் பிடித்துக்கொண்டது. இப்போது சிங்கப்பூரில், சாங்கியில் சரக்குப் பிரிவில் இரவுப் பணி. அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஞாயிறு பகல் 1 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குத் திங்கள் அதிகாலை 1 மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு 2 மணி. அந்த நேரத்தில் விழித்திருக்கும் 12 பேரைச் சேர்த்து ஒரு டைனஸ்டி லீக் நடத்துகிறேன். நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாம் கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி பெறும் ஃபேன்டசி விளையாட்டில் இது ஒரு வகை. பதில்கள் அந்த அனுபவத்திலிருந்து வருபவை.

டைனஸ்டி என்றால் என்ன அக்கா? நண்பர்கள் "1.05 கொடு" என்று பேசிக்கொள்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. (ஈசூன் வாசகர்)

சாதாரண ஃபேன்டசி லீக்கில் ஒவ்வோர் ஆண்டும் அணியைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தேர்ந்தெடுப்போம். டைனஸ்டியில் உங்கள் ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் உங்களிடமே இருப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, கல்லூரியிலிருந்து புதிதாக என்எஃப்எல்லுக்கு வந்தவர்களை மட்டும் பிரித்துக்கொள்ள ஒரு ரூக்கி டிராஃப்ட் நடக்கும். போன சீசனில் கீழே இருந்த அணிகளுக்கு முன்னுரிமை. 1.05 என்றால் முதல் சுற்றில் ஐந்தாவதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை. இதைத்தான் பிக் என்கிறோம். அந்த உரிமையையே விற்கலாம், வாங்கலாம். இன்னும் கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்கும் பையன்களுக்கான அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு பிக்கைக்கூட இப்போதே கைமாற்றலாம். இந்த ஆட்டத்தின் ருசியே அங்கேதான் இருக்கிறது.

என்னிடம் டெரிக் ஹென்ரி இருக்கிறார். போன சீசனில் என் அணி 12-இல் 10-வது. கோப்பைக்குப் போட்டியிடும் ஒருவர் அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்று பிக் தருகிறேன் என்கிறார். இவ்வளவு ஓடுகிற ஆளுக்கு வெறும் இரண்டாம் சுற்றா? மனசே வரவில்லை. (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

கொடுங்கள். ஆனால் மே மாதத்தில் கொடுக்காதீர்கள்.

சிங்கப்பூரில் பழைய கார் வாங்குபவர் முதலில் என்ன கேட்பார்? எஞ்சின் எப்படி என்று கேட்பதற்கு முன், சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமச் சான்றிதழ்) இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று கேட்பார். ஹென்ரியைப் போலப் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்கை வாங்குபவரும் அப்படித்தான். ஹென்ரி 2020-இல் 2,027 கெஜம் ஓடினார். 30 வயதில், 2024-இல், பால்டிமோர் அணிக்குப் போய் 1,921 கெஜமும் 16 டச்டவுனும் எடுத்தார். அந்த எண்களை யாரும் மறுக்கவில்லை. அவர் 1994 ஜனவரியில் பிறந்தவர் என்பதுதான் விலையைக் கீழே இழுக்கிறது.

அதே 1994-இல், ஆகஸ்டில் பிறந்த இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். டாட் கர்லி. 2015-இல் 10-வது ஆளாகத் தேர்வானவர். 2017-இல் லீக்கின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது பெற்றவர். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2020 சீசனோடு அவர் ஆட்டம் முடிந்துவிட்டது, 26 வயதில். ஒரே ஆண்டில் பிறந்த இருவர், ஒருவர் ஓய்ந்து பல சீசன் கழித்தும் மற்றவர் ஓடுகிறார். ரன்னிங் பேக் விஷயத்தில் ஹென்ரி விதிவிலக்கு. விலை போடுபவர்கள் கர்லியை நினைத்துத்தான் போடுகிறார்கள். 27 வயதைத் தாண்டிய ரன்னிங் பேக்கை அடுத்த மூன்று ஆண்டுக்கான சொத்தாக யாரும் எண்ணுவதில்லை.

ஹென்ரி தரப்போகும் புள்ளிகள் 10-வது இடத்திலிருக்கும் உங்களுக்கு உதவாது. உங்களை 10-இலிருந்து 7-க்கு ஏற்றிவிடும், உங்கள் சொந்த பிக்கின் மதிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். உங்கள் நண்பருக்கு அதே புள்ளிகள் கோப்பையாகலாம். ஒரே ஆளுக்கு இரண்டு வீட்டில் இரண்டு விலை. இதைத்தான் நான் ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுதுகிறேன்: இணைய விலைப் பட்டியலில் இருப்பது ஊர் விலை, உங்கள் அணிக்கு என்ன விலை என்பதை நீங்கள்தான் போடவேண்டும்.

மே மாதம் ஏன் வேண்டாம்? மே மாதத்தில் யாருக்கும் புள்ளி தேவைப்படாது, எல்லோர் கண்ணும் ரூக்கிகள் மேல். வயதான ரன்னிங் பேக்கின் விலை அடிமட்டத்தில் இருக்கும் காலம் இது. சீசனின் மூன்றாவது, நான்காவது வாரம் வரை பொறுங்கள். முன்னணியில் இருக்கும் யாரோ ஒருவரின் ரன்னிங் பேக் காயம்பட்டு உட்காருவார். அந்தத் திங்கள் காலையே கேளுங்கள்: முதல் சுற்று பிக், இல்லையென்றால் இரண்டாம் சுற்று பிக்கோடு பெஞ்சில் இருக்கும் ஓர் இளம் வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்). அதற்குள் ஹென்ரிக்கே அடிபடலாம் என்ற அபாயம் இருக்கிறது. அதை ஏற்க மனம் இல்லையென்றால் இப்போதே இரண்டாம் சுற்றை வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் மோசமில்லை. சீசன் முடியும் வரை வைத்திருப்பது மட்டும் கூடவே கூடாது.

நட்சத்திர வைட் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனைக் கொடுத்து 1.08, அடுத்த ஆண்டு முதல் சுற்று ஒன்று, நடுத்தர வைட் ரிசீவர் இருவர் வாங்கினேன். ஆட்டக்காரர்களுக்கு மதிப்புப் போடும் கீப்டிரேட்கட் தளத்தின் பட்டியலில் இருக்கும் எண்களைக் கூட்டினால் எனக்குத்தான் அதிகம் வருகிறது. குழுவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். யார் சொல்வது சரி? (செங்காங் வாசகி)

தங்கச்சி, சிரிப்பது தப்பு. ஆனால் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. பலருக்கும் இது தெரியாததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த எண்கள் எப்படி வருகின்றன? அந்தத் தளத்துக்குப் போனால் மூன்று ஆட்டக்காரர்களைக் காட்டி, யாரை வைத்துக்கொள்வாய், யாரை விற்பாய், யாரைக் கழற்றிவிடுவாய் என்று கேட்கும். வருகிறவர்கள் சொல்லும் பதில்களிலிருந்து எண் பிறக்கிறது. ஃபேன்டசிகால்க் போன்ற தளம் உண்மையில் நடந்த டிரேடுகளிலிருந்து எண்ணை எடுக்கிறது. இரண்டும் உபயோகமானவை, நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் அது ஓர் ஆளுக்கு ஓர் ஆள் என்று மாற்றும்போது பொருந்தும் எண். நான்கு சிறிய எண்களைக் கூட்டி ஒரு பெரிய எண்ணுக்கு ஈடுகட்ட முடியாது. கீப்டிரேட்கட் தளத்தின் டிரேட் கணிப்பானே, ஒரு பக்கம் ஆள் அதிகமாகவும் இன்னொரு பக்கம் பெரிய ஆளும் இருந்தால், பெரிய ஆள் பக்கம் தானாகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். நீங்கள் கையால் கூட்டியதால் அது விட்டுப்போயிருக்கிறது.

பிக்குகளுக்கு எண் போடும் பழக்கம் நம்மால் வந்ததல்ல. 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் அலுவலகத்தில் ஒரு பட்டியல் இருந்தது. முதல் பிக் 3,000 புள்ளி, இரண்டாவது 2,600, 10-வது 1,300, 16-வது 1,000, 32-வது 590. அந்தச் சரிவைக் கவனியுங்கள். முதல் ஒன்பது இடம் இறங்குவதற்குள் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மெல்ல இறங்குகிறது. கேட் மேசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிறகு இதை ஆராய்ந்து, மேலே இருக்கும் பிக்குகளுக்கு என்எஃப்எல் அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்று காட்டினார்கள். அவர்கள் வாதத்தின் அடிப்படை சம்பளம். முதல் ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கழித்துப் பார்த்தால், கீழே கிடைப்பவர்தான் லாபம் என்றார்கள்.

நம் லீக்குகளில் சம்பளம் கிடையாது. ஜெஃபர்சனை வைத்திருக்க நீங்கள் செலவழிப்பது பெஞ்சில் ஓர் இடம் மட்டுமே. அதனால் அந்த ஆய்வை எடுத்துக்கொண்டு வந்து "பெரிய ஆளை விற்று நாலு பிக் வாங்கு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ரன்னிங் பேக்கை 5-வது இடத்தில் எடுக்க, அந்த ஆண்டு தன் கையில் இருந்த எல்லா பிக்கையும், அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் சுற்றையும் கொடுத்தது. அந்த சீசனில் 3 ஆட்டத்தில் வென்று 13-இல் தோற்றது. நிஜ அணிக்கு 53 பேர் வேண்டும், ஒருவரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நம் அணியில் களமிறங்குபவர்கள் பத்துப் பேர் அளவில்தான். அந்தப் பத்து இடத்தில் ஒன்றில் வாரத்துக்கு 20 புள்ளி தருபவர் இருந்தால், 11 புள்ளி தரும் இருவர் அவருக்கு ஈடாக மாட்டார்கள். இருவரையும் ஒரே இடத்தில் இறக்க முடியாதே. போதாக்குறைக்கு, ஒருவரைக் கொடுத்து இத்தனை பேரை உள்ளே கொண்டுவந்தால் அதற்கு இடம் செய்ய யாரையோ கழற்றிவிட வேண்டும். அப்படிக் கழற்றிவிட்டவர்களையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இப்போது உங்களிடம் இருப்பது சில்லறை. அதை நோட்டாக மாற்றுங்கள். அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் 25, 26 வயதில் ஒரு நல்ல வைட் ரிசீவர் இருப்பார். 1.08-ஐயும் அந்த நடுத்தர ஆட்டக்காரர்களில் ஒருவரையும் சேர்த்துக் கேளுங்கள். புதிதாகக் கட்டுபவர்களுக்குச் சில்லறை பிடிக்கும்.

1.01 என் கையில் இருக்கிறது. ரூக்கி டிராஃப்ட் இன்னும் சில வாரத்தில். வைத்து எடுக்கவா, விற்கவா? (தெம்பனிஸ் வாசகர்)

2020-ஐப் பார்ப்போம். அந்த ஆண்டு என்எஃப்எல் டிராஃப்டில் 32-வது ஆளாக, அப்போதுதான் கோப்பை வென்றிருந்த கேன்சஸ் சிட்டி அணி, கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது. நட்சத்திர குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பேட்ரிக் மஹோம்ஸ் பக்கத்தில் நிற்கப் போகிறாரே என்று ஒரே இரவில் அவர் விலை எகிறியது. ஏராளமான லீக்குகளில் 1.01 அவர்தான். அடுத்த நாள் 41-வதாக இண்டியானாபொலிஸ் எடுத்த ஜோனதன் டெய்லர் அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள் என்ற காரணத்தால் பின்னுக்குத் தள்ளப்பட்டார். 2021-இல் டெய்லர் 1,811 கெஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம். 22-வதாக மினசோட்டா எடுத்த ஜஸ்டின் ஜெஃபர்சன் முதல் சீசனிலேயே 1,400 கெஜம். எட்வர்ட்ஸ்-ஹெலேர் ஒரு சீசனில்கூட ஆயிரம் கெஜம் ஓடவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு நியூ இங்கிலாந்து 32-வதாக எடுத்த நிகீல் ஹேரியும் ரூக்கி டிராஃப்டுகளில் தலைப்பகுதியிலேயே போனவர். அவருக்குப் பின்னால் 51-வதாக ஏ.ஜே. பிரவுன், 64-வதாக டிகே மெட்காஃப், 76-வதாக டெரி மெக்லாரின். இதைச் சொல்வது 1.01 மோசம் என்பதற்காக அல்ல. 2023-இல் 8-வதாகப் போன பிஜான் ராபின்சனை எடுத்தவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். என்எஃப்எல் அணி ஒருவரை 8-வதாக எடுப்பதற்கும் 32-வதாக எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, அவர் போய்ச்சேர்ந்த அணியைப் பார்த்த மயக்கத்தில் நாம் மறந்துவிடுகிறோம். போய்ச்சேர்ந்த இடம் இரண்டு ஆண்டில் மாறிவிடும். ஒரு அணி எவ்வளவு முன்னதாக அவர்மேல் கைவைத்தது என்பது மாறாது. 1.01-க்கு உங்கள் மனதில் இருப்பவர் முதல் 10, 12 இடத்துக்குள் போனவரா? அப்படியென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். 32-வதாகப் போய் நல்ல இடத்தில் விழுந்தவரா? விற்றுவிடுங்கள், அதுவும் உடனே.

நடுவழி ஒன்று உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான்: ஓரிடம் இறங்குவது. 2024-இல் மார்வின் ஹேரிசன் ஜூனியரை 4-வதாக அரிசோனாவும், மலிக் நேபர்ஸை 6-வதாக நியூயார்க் ஜெயன்ட்ஸும் எடுத்தன. குவார்ட்டர்பேக் ஒருவரே ஆடும் லீக்குகளில் 1.01 ஹேரிசன் என்பதில் பலருக்குச் சந்தேகமே இல்லை. முதல் சீசனில் நேபர்ஸ் 109 பந்து பிடித்து 1,204 கெஜம், ஹேரிசன் 62 பிடித்து 885. இது முன்கூட்டியே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இரண்டு இடத்துக்குள் எடுக்கப்பட்ட இருவருக்கு நடுவே பெரிய பள்ளம் இல்லை என்பது டிராஃப்ட் முடிந்த அன்றே தெரிந்ததுதான். 1.02-க்கு இறங்கி, கூடவே ஒரு இரண்டாம் சுற்றை வாங்கியவர் அருமையான வியாபாரம் செய்தார். பள்ளம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு முன்னால் நின்றுகொள்ளுங்கள்.

அப்புறம் நேரம். பிக்கின் விலை உச்சத்துக்குப் போவது உங்கள் முறை வந்து கடிகாரம் ஓடத் தொடங்கும்போது. எங்கள் லீக்கில் ஸ்லீப்பர் செயலியில் மெதுவான டிராஃப்ட்தான் நடக்கும், ஒருவருக்கு 8 மணி நேரம். அதுவரை "ஒரு முதல் சுற்று" என்று வெறும் காகிதமாக இருந்தது, அந்த 8 மணி நேரத்தில் ஒரு முகமாக, ஒரு பெயராக மாறிவிடும். ஆரம்ப மணி நேரங்களில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாதி நேரம் தாண்டியதும் முதல் ஆஃபர் வரும், வேண்டுமென்றே குறைவாக. கடைசி ஒரு மணி நேரத்தில் அதே ஆள் அடுத்த ஆண்டு பிக்கையும் சேர்த்துக்கொண்டு வருவார், ஏனென்றால் அந்தப் பெயர் கைநழுவப் போகிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைக்கும். உங்கள் முறை வந்ததும் குழுவில் "1.01 விற்பனைக்கு" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பெயர் சொல்லாதீர்கள். நீங்கள் யாரை எடுக்கப் போகிறீர்கள் என்பது தெரிந்தால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

ஜூலையில் தேசிய சேவைக்குப் போகிறேன் அக்கா. இரண்டு வருஷம் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. அணியை விட்டுவிடவா, எல்லாவற்றையும் பிக்காக மாற்றிவிடவா? (பொங்கோல் தம்பி)

விடாதே தம்பி. உனக்கு இருப்பது மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி: இந்த இரண்டு சீசனில் ஜெயிக்க வேண்டிய அவசியமில்லை என்பது உனக்கு முன்பே தெரியும். மற்றவர்கள் அக்டோபர் வரை நம்பிக்கையை வைத்துக்கொண்டு இழுத்தடிப்பார்கள். நீ இன்றே முடிவெடுக்கலாம்.

ரன்னிங் பேக் அனைவரையும் விற்றுவிடு, இளையவர்களையும்தான். நீ முகாமில் இருக்கும் இரண்டு ஆண்டு அவர்களின் நல்ல காலம், அது உனக்குப் பயன்படாமலே போகும். பதிலுக்கு 22, 23 வயது வைட் ரிசீவர்களை வாங்கு, அவர்கள் நீ திரும்பி வரும்போது சரியாகப் பழுத்திருப்பார்கள். டைட் எண்டும் (எதிராளியைத் தடுப்பது, பந்தைப் பிடிப்பது இரண்டையும் செய்பவர்) பரவாயில்லை, அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் தலையெடுக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். இரண்டு ஆண்டு தள்ளி வரும் முதல் சுற்று பிக்கைக் கேள். அவ்வளவு தூரத்தை யாரும் யோசிப்பதில்லை, அதனால் சுலபமாகக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் பிக்காக மட்டும் மாற்றிவிடாதே. கையில் ஆள் இல்லாமல் பிக் மட்டும் வைத்திருப்பவன் எல்லாவற்றையும் ஒரே டிராஃப்ட் வகுப்பின் மேல் வைக்கிறான்.

மிக முக்கியமாக, உன் சொந்த பிக்கை யாருக்கும் கொடுத்துவிடாதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால் அணியைக் கலைக்கும் முன்பே திருப்பி வாங்கிவிடு. நீ கீழே இறங்கப் போகிறாய் என்று மற்றவர்களுக்குத் தெரிந்த பிறகு அது மலிவாகக் கிடைக்காது.

ஒரு கடமையும் உண்டு. தோற்பது வேறு, காயம்பட்டவரைக் களத்தில் விட்டுவிட்டு அணியைக் கவனிக்காமல் இருப்பது வேறு. ஒவ்வொரு வாரமும் ஆடக்கூடிய ஆட்களை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உன்னோடு மோதுபவருக்கு இலவச வெற்றி, மற்றவர்களுக்கு அநியாயம். ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பும் வழியில் ரயிலில் பார்த்துவிடலாம். ஆனால் யார் ஆடவில்லை என்ற கடைசிப் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்புதான் வரும், அதாவது நமக்கு இரவு 11.30, கடிகாரம் மாறிய பிறகு 12.30. அந்த நேரத்தில் நீ தூங்கியிருப்பாய். ஸ்லீப்பரில் ஓர் அணிக்கு இணை உரிமையாளர் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அண்ணனோ நண்பனோ ஒருவரைச் சேர்த்துவிட்டுப் போ.

சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக். புதிய குவார்ட்டர்பேக் என்றாலே முதலில் எடுக்கவேண்டுமா? (பிடோக் வாசகர்)

சூப்பர்ஃப்ளெக்ஸில் இரண்டு குவார்ட்டர்பேக் இறக்கலாம் என்பதால் 12 அணிக்கு 24 பேர் வேண்டும், என்எஃப்எல்லில் இருப்பதே 32 அணி. தட்டுப்பாடுதான் விலை. முதல் சுற்றில் போன குவார்ட்டர்பேக்கை, நீங்களே நம்பாவிட்டாலும், விற்கவாவது எடுக்கலாம். ஆனால் நீண்ட நாள் வைத்துப் பார்ப்பது வேறு கதை. 2021-இல் சான் பிரான்சிஸ்கோ மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்து மேலே ஏறி, 3-வதாக ட்ரே லான்ஸை எடுத்தது. 2023 ஆகஸ்டில் அவரை ஒரு நான்காம் சுற்று பிக்குக்கு டாலஸிடம் கொடுத்தது. அவர் இடத்தில் நின்றவர் 2022-இல் கடைசி ஆளாக, 262-வதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி. புதிய குவார்ட்டர்பேக் முதல் நான்கு ஆட்டம் சுமாராக ஆடினாலே விலை ஏறும். உங்களிடம் ஏற்கெனவே இருவர் இருந்தால் அந்த வாரமே விற்றுவிடுங்கள்.

அடுத்த ஆண்டு முதல் சுற்று பிக்கை எப்போது வாங்குவது மலிவு? (உட்லண்ட்ஸ் வாசகர்)

செப்டம்பர், அக்டோபர். எல்லோருக்கும் புள்ளி தேவைப்படும் காலம் அது. பிக் புள்ளி தராது, அதனால் அலட்சியமாகக் கொடுப்பார்கள். ஜனவரி தாண்டியதும் கல்லூரி ஆட்டக்காரர்களின் பெயர்கள் அடிபடத் தொடங்கும். ஏப்ரல் வரை விலை ஏறிக்கொண்டே போகும். இடையில் அந்த பிக்குக்குக் காயம் வராது, அணியிலிருந்து நீக்க மாட்டார்கள். நாள் நகர்ந்தாலே மதிப்பு கூடும் பொருள் நம் ஆட்டத்தில் இது ஒன்றுதான்.

எப்போது என்பதைவிட யாருடையது என்பது பெரிய கேள்வி. "ஒரு முதல் சுற்று" என்று ஒரே விலை பேசுகிறார்கள், எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. 1.02-உம் 1.11-உம் ஒன்றா? விற்பவரின் அணியைத் திறந்து பாருங்கள். களமிறங்குபவர்களின் வயது என்ன? நட்சத்திரங்கள் 28, 29 வயது, பெஞ்சில் ஒன்றுமில்லை என்றால் அது ஒரே ஒரு காயத்தில் சரியும் அணி. போன ஆண்டு கோப்பை வென்றவராக இருந்தால் இன்னும் நல்லது, தன் பிக் கடைசியில்தான் வரும் என்று அவரே நம்பிக்கொண்டு மலிவாகக் கொடுப்பார். அந்த பிக்கைத்தான் நான் தேடிப்போய் வாங்குவேன். மூன்றாவது, நான்காவது சுற்றுகளைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டாம். 2023-இல் 177-வதாகப் போன பூக்கா நகூவா, 105 பந்து பிடித்து 1,486 கெஜம் எடுத்து ரூக்கிகளுக்கான சாதனை படைத்தார், உண்மைதான். அப்படிப்பட்டவர் மிக மிக அபூர்வம். அந்தச் சுற்றுகளை ஒரு டிரேட் இழுபறியில் நிற்கும்போது முடித்துவைக்கப் பயன்படுத்துங்கள்.

என் மச்சான் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தார். லீக்கில் பழைய ஆள் ஒருவர் அவரிடமிருந்து பிஜான் ராபின்சனை வாங்கிக்கொண்டு மூன்று இரண்டாம் சுற்று பிக் கொடுத்துவிட்டார். லீக்கை நடத்தும் கமிஷனர் அதை ரத்து செய்யலாமா? (அங் மோ கியோ வாசகர்)

படித்ததும் எனக்கே கோபம் வந்தது. மூன்று அல்ல, ஐந்து இரண்டாம் சுற்று கொடுத்தாலும் அது விலை ஆகாது. கேள்வி மூன்றில் சொன்ன சில்லறைக் கணக்கு இங்கே இன்னும் மோசமாக நடந்திருக்கிறது.

ஆனாலும் ரத்து செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். இருவர் கூட்டுச் சேர்ந்து ஒரு அணியை வேண்டுமென்றே காலி செய்தால் ரத்து செய்யலாம். ஒருவர் விலை தெரியாமல் கொடுத்ததற்கு ரத்து என்று ஆரம்பித்தால், அடுத்து பிடிக்காத டிரேட் எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு வரும், லீக் உடைந்துவிடும். விதியில் இல்லாததை நடந்த பிறகு விதியாக்கக்கூடாது.

கமிஷனர் செய்யக்கூடியது அந்தப் பழைய ஆளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது. அதிகாலை 1 மணிக்கு எழுந்து இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தயாராக இருக்கும் 12 பேரை இந்த ஊரில் சேர்ப்பது எவ்வளவு பாடு என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. முதல் மாதத்திலேயே ஏமாற்றப்பட்டவர் அடுத்த ஆண்டு நிற்க மாட்டார், அந்த அணியை எடுக்க ஆள் கிடைக்காது. இரண்டு முதல் சுற்றும் ஓர் இளம் ஆட்டக்காரரும் சேர்த்துக் கொடுத்து டிரேடைத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். நல்லவிதமாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அடுத்த சீசனுக்கு முன் ஒரு விதியை எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள்: முதல் ஆண்டில் இருப்பவர் செய்யும் டிரேட் 24 மணி நேரம் நிறுத்திவைக்கப்படும், அதற்குள் அவர் மனம் மாறினால் பின்வாங்கலாம். எங்கள் லீக்கில் இந்த விதி இருக்கிறது, சச்சரவு வந்ததில்லை.

மச்சானிடம் சொல்லுங்கள். அடுத்த ஆஃபர் வந்தால் அன்றே பொத்தானை அழுத்த வேண்டாம். அந்த டிரேடில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டி, ஒரு இரவு கழித்து முடிவெடுக்கட்டும். நீங்களும் அதே லீக்கில் இருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அந்த ஒருவர் நீங்களாக இருக்கக்கூடாது.